402 மீட்டர் டிராக் ரேஸுக்கு எந்த ஹேட்ச்பேக் ஷெல்: ஈஜியா, ஈகேயா, சத்ரியாவா?

கிள்ளான்_காடி எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே. 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் ரேஸுக்கு ஒரு காடி (கார்) கட்டப் போறேன். ரோட்டுல ஓட்டறதுக்கு இல்ல. டிரெய்லர்ல ஏத்தி சர்க்கிட்டுக்குக் கொண்டு போய், ஓட்டி முடிச்சு திரும்ப ஏத்தி வர்ற காடி. இலக்கு 12.5 வினாடி. டர்போ இல்லாத பி18சி (ஹோண்டாவோட 1.8 லிட்டர் இன்ஜின்), மேனுவல் கியர். டர்போ பின்னாடி பார்த்துக்கலாம்.

இப்ப நாலு ஷெல் (காடியோட உடம்பு) கண்ணுல பட்டிருக்கு. ஈஜி, ஈகேன்னா ஹோண்டா சிவிக்கோட ரெண்டு தலைமுறை, சத்ரியா புரோட்டான் காடி.

1993 ஈஜி ஹேட்ச், டி15 (1.5 லிட்டர்) இன்ஜின், முன்னாடி சின்ன டிஸ்க், பின்னாடி டிரம். பெயிண்ட் வெளுத்துப் போச்சு, மத்தபடி மோதின அடையாளம் தெரியல.

ஈஜி6 (ஈஜியோட வேக ரகம்), ஒரிஜினல் பி16ஏ (1.6 லிட்டர்) இன்ஜினோட. ஆனா முன்பக்கம் ஹாஃப்கட் (இன்னொரு காடியோட வெட்டின முன்பாதி) ஒட்டினதுன்னு விக்கிறவரே சொல்றாரு.

1997 ஈகே ஹேட்ச், ரொம்ப சுத்தம், விலைதான் தலைய சுத்துது.

சத்ரியா 1.6, நாலுலயும் மலிவு.

இதுல எது? எடை கம்மி, ஹோண்டா சிஆர்எக்ஸ் தேடுன்னு சிலர் சொல்றாங்க. இன்னொன்னு, பேட்டரிய பின்பக்க பூட்டுக்கு (டிக்கிக்கு) மாத்தணுமா? பி18சிக்குப் பதிலா நேரா கே20ஏ (ஹோண்டாவோட அடுத்த தலைமுறை 2.0 லிட்டர் இன்ஜின்) போயிடலாமா?


ஸ்பேனர்_17 எழுதியது:

வெளுத்த ஈஜி. யோசிக்கவே வேணாம்.

முன்சக்கரம் இழுக்கற காடியில, கிளட்ச்சை விட்ட உடனே எடை பின்னாடி ஓடும், இழுக்க வேண்டிய சக்கரம் முன்னாடி லேசாகும். எவ்வளவு ஓடுதுன்னு கணக்குப் போடலாம். ஓட்டறவரையும் சேர்த்த எடையை முடுக்கத்தாலும் ஈர்ப்புமையத்தோட உயரத்தாலும் பெருக்கி, வீல்பேஸால (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவுல உள்ள தூரம்) வகுக்கணும். 950 கிலோ, 0.8 ஜி (ஈர்ப்பு முடுக்கத்துல 0.8 பங்கு), உயரம் அரை மீட்டர்னு எடுத்துக்குங்க. ஈஜி ஹேட்ச் வீல்பேஸ் 2570 மி.மீ., அதுல 148 கிலோ முன்சக்கரத்தை விட்டுப் போகுது. ஈகே 2620 மி.மீ., 145 கிலோ. சத்ரியா 2440, 156 கிலோ. சிஆர்எக்ஸ் 2300, 165 கிலோ. சிஆர்எக்ஸ் லேசான காடிதான், ஆனா லாஞ்ச்ல (கிளம்பும்போது) ஈஜியை விட 17 கிலோ கூடுதலா பின்னாடி தள்ளுது. அதை யாரும் சொல்றதில்ல.

ஈஜிக்கும் ஈகேக்கும் நடுவுல இருக்கறது 3 கிலோ. அதுக்காக ஈகே விலை கொடுக்கறது வீண். அதே ஈஜியில ஈர்ப்புமையத்தை 5 செ.மீ. இறக்கினா 148 கிலோ 133 ஆகுது. வீல்பேஸை விட உயரம்தான் நம்ம கையில இருக்கற விஷயம். அதுக்காக தரையோட தரையா இறக்கிடாதீங்க. ஈஜியில அளவு தாண்டினா முன் அப்பர் ஆர்ம் போய் ஷாக் டவர்ல முட்டும், டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து சக்கரத்துக்குப் போற தண்டு) கோணமும் கெடும். மூக்கு பின்பக்கத்தை விட ஒரு விரல் தாழ்ந்து இருந்தா போதும். பின்னாடி ஸ்பிரிங் நல்லா விறைப்பா போட்டு, பின்பக்கம் உட்காராம பார்த்துக்கணும்.

பேட்டரி இருக்கற இடத்துலயே இருக்கட்டும். பூட்டுக்குக் கொண்டு போறது பின்சக்கரம் இழுக்கற காடிக்காரங்க பழக்கம். நமக்கு நேர் எதிர். பின் சீட், ஸ்பேர் டயர், பின் பம்பர் இரும்பு, தரையில ஒட்டியிருக்கற தார் ஷீட்டு எல்லாத்தையும் உரிச்சு எடுங்க. முன்னாடி இருந்து எடுக்கறதுல நிதானம் வேணும். ஏர்கான் கம்ப்ரஸரை எடுக்கலாம், அது இன்ஜினைச் சுத்த வைக்கற சுமை. ஆனா ஃபைபர் பானெட்டுக்குக் காசு போடறதுக்கு முன்னாடி பின்கதவு கண்ணாடிய பாலிகார்பனேட்டா மாத்துங்க. ஒரே கிலோ பின்னாடி இருந்து எடுத்தா ரெட்டை லாபம். பெட்ரோலும் அப்படித்தான், டேங்க் பின் சீட்டுக்கு அடியில இருக்கு. பம்ப் காத்து இழுக்காத அளவுக்கு மட்டும் ஊத்துங்க.

சாதா ஈஜியை ஈஜி6-க்கு மேல வைக்க இன்னொரு காரணம் இருக்கு, பலருக்குத் தோணாது. ஈஜி6 முன் டிஸ்க் 262 மி.மீ. அதுக்கு மேல 13 அங்குல ரிம் ஏறாது. சாதா ஈஜியோட சின்ன டிஸ்குக்கு ஏறும். 13க்கு 8 ரிம்ல 24.5 அங்குல உயரம், 8 அங்குல அகல ஸ்லிக் (வரியில்லாத ரேஸ் டயர்) போட அதுதான் வழி. எடையும் ஈஜி6 கிட்டத்தட்ட 1050 கிலோ, சாதா ஈஜி 950 பக்கம். எல்லாரும் பிரேக்கைப் பெருசாக்கப் பார்ப்பாங்க. இந்த வேலைக்கு சின்னதே நல்லது, ஆனா பேடும் ஹோஸும் புதுசா இருக்கணும்.

பி18சி உட்கார வைக்க வேண்டியது இதெல்லாம். டிசி2 (ஹோண்டா இன்டெக்ரா) அல்லது ஈஜி6 ஹாஃப்கட்ல இருந்து பின் டி-பிராக்கெட், கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டும் அதோட பிராக்கெட்டும், டைமிங் பக்கத்து மவுண்ட், கியர் லிங்கேஜ், நடு ஷாஃப்டோட சேர்ந்த ரெண்டு டிரைவ் ஷாஃப்ட். டி15 ஷாஃப்டை வச்சு ஒப்பேத்த முடியாது. கிளட்ச் ஈஜியில ஏற்கெனவே ஹைட்ராலிக், அதுல கை வைக்க வேண்டியதில்ல. ஈஎஃப் (ஈஜிக்கு முந்தின சிவிக்) வாங்கியிருந்தா அங்கயே ஒரு வேலை கூடியிருக்கும், அது கேபிள் கிளட்ச். இசியூவுக்கு (இன்ஜினை நடத்தற கம்ப்யூட்டர்) பி28 அல்லது பி30 பெட்டியில சிப் சாக்கெட் வச்சா டியூனிங் மலிவா முடியும். ஈகே அடுத்த தலைமுறை வயரிங், அதே பெட்டியை மாட்டணும்னா நடுவுல மாற்று ஹார்னஸ் (வயர்க்கட்டு) வேணும். விடெக் (வால்வ் திறப்பை மாத்தற ஹோண்டா அமைப்பு) சொலினாய்டுக்கும் நாக் சென்சருக்கும் டி15 ஹார்னஸ்ல வயர் இருக்காது, இழுக்கணும்.


மூன்றாம்_கியர் எழுதியது:

ஸ்பேனர் சொன்ன ஷெல்தான் என் தேர்வும். ஆனா காசு எங்க போடணும்னு சொல்லாம விட்டுட்டாரு.

950 கிலோ காடி 402 மீட்டரை 12.5-ல ஓட எவ்வளவு சக்தி வேணும்? எடையைப் பவுண்டுல எடுத்து குதிரைத்திறனால வகுத்து, அதோட கனமூலத்தை 5.825-ஆல பெருக்கினா வினாடி வரும். 950 கிலோன்னா 2094 பவுண்டு, 12.5-க்கு சுமார் 212 குதிரைத்திறன். கடைசியில ஸ்பீட் 175 கி.மீ. பக்கம். ஜப்பான் டிசி2 டைப் ஆர் பி18சி 200, சாதா பி18சி 180. அதனால ஹெட் வேலை, கேம், ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்), 8500 வரைக்கும் தாங்கற வால்வ் ஸ்பிரிங் எல்லாம் தேவைப்படும். இந்தச் சூத்திரம் டயர் வழுக்காம பிடிக்கும்னு நம்பிச் சொல்ற எண், முன்சக்கரக் காடிக்குக் கொஞ்சம் மேலயே வச்சுக்குங்க.

இப்ப வேடிக்கையைப் பாருங்க. சாதா பி18சி 175 என்எம் தருது. முதல் கியர் 3.230, ஃபைனல் (கடைசிப் பல்சக்கர விகிதம்) 4.400. பெருக்கினா சக்கரத்துல சுமார் 2490 என்எம். 0.8 ஜி-ல கிளம்ப 24.5 அங்குல டயருக்கு வேண்டியது 2320 என்எம்தான். கியர்பாக்ஸ்ல கரையறதைக் கழிச்சா ரெண்டும் சமம். ஆக முதல் கியர்ல உங்க இன்ஜின் ஏற்கெனவே டயரோட எல்லையில நிக்குது. அங்க இன்னும் 50 குதிரை சேர்த்தா புகைதான் கூடும், நேரம் குறையாது. அதனாலதான் கே20ஏ இப்ப வேணாம்னு சொல்றேன். கே இன்ஜின் நல்ல இன்ஜின், சந்தேகமில்ல. ஆனா சுழற்சி எதிர்ப்பக்கம், கியர்பாக்ஸும் எதிர்ப்பக்கம் வரும். மவுண்ட் கிட், ஸ்பெஷல் டிரைவ் ஷாஃப்ட், கேபிள் ஷிஃப்டர், ஹார்னஸ், கே-ப்ரோ மாதிரி இசியூ, ஃபயர்வால் பக்கம் ஹெடருக்கு இடம், பானெட் மூட இடம். அந்தக் காசுல பி18சிக்கு கியர்பாக்ஸ், எல்எஸ்டி (ரெண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பகிர்ற டிஃப்), ஸ்லிக், டிராக்‌ஷன் பார் நாலையும் முடிச்சிடலாம்.

கியர்பாக்ஸ். 1.107 நாலாவது கியர், 4.400 ஃபைனல், 24.5 அங்குல டயர். 8000 ஆர்பிஎம்ல 193 கி.மீ. நீங்க கோட்டைத் தாண்டறது 175-ல, அதாவது 7270 ஆர்பிஎம்ல. 8500 வரைக்கும் ஊதற இன்ஜினை 7270-ல முடிக்கறது பாவம். அதே கியர்களோட 4.785 ஃபைனல் மாட்டினா 7900-ல தாண்டுவீங்க, மேல் கியர்கள்லயும் இழுவை கூடும். டர்போ வந்த பிறகு திரும்ப 4.400-க்கு வாங்க, அப்ப நீளமான கியர்தான் வேணும்.

எல்எஸ்டி, டைப் ஆரோட எஸ்80 கியர்பாக்ஸ்ல ஹெலிகல் (பல்சக்கர) வகை வருது, ஆரம்பத்துக்குப் போதும். அதோட குறை, ஒரு சக்கரம் லேசாகித் தூக்கிட்டா சாதா டிஃப் மாதிரி ஆயிடும். தட்டு வச்ச எல்எஸ்டி அப்படிக் கைவிடாது, ஆனா எண்ணெய் அடிக்கடி மாத்தணும். முழுசா பூட்டற ஸ்பூல் இந்த நேரத்துக்குத் தேவையில்ல, பிட்ல திருப்பறதுக்கே கை வலிக்கும்.

டிரைவ் ஷாஃப்ட் எத்தனை குதிரை தாங்கும்னு கேட்பாங்க. அந்தக் கேள்வியே தப்பு. அது உடையறது சக்தியால இல்ல, குதிப்பால. ஸ்லிக் பிடிச்சு, விட்டு, பிடிச்சு, விட்டு தத்தும்போது ஒவ்வொரு பிடியும் ஒரு சுத்தியல் அடி. தத்தறதுக்குக் காரணம் மூனு. ஈஜி லோயர் ஆர்ம்ல இருக்கற பெரிய ரப்பர் புஷ் நசுங்கி சக்கரம் முன்னும் பின்னும் ஆடறது, இன்ஜின் மவுண்ட் இளகி இன்ஜின் சாயறது, டயர்ல காத்து பொருந்தாதது. டிராக்‌ஷன் பார் முதல் நோயைத் தீர்க்கும், அது லோயர் ஆர்மை முன் குறுக்குச் சட்டத்தோட ஒரு கம்பியால பிடிச்சு நிறுத்துது. மவுண்டுக்குக் கெட்டியான யூரித்தேன். காத்து, முன்னாடி 14 பிஎஸ்ஐல தொடங்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒன்னு ஒன்னா குறைச்சுக்கிட்டே வாங்க. பர்ன்அவுட் கோட்டைக் குனிஞ்சு பாருங்க. நடுவுல கறுத்து ஓரம் வெளுத்திருந்தா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் கறுத்து நடு வெளுத்திருந்தா ரொம்ப இறக்கிட்டீங்க. பின்னாடி ஒல்லி டயர், பக்கவாட்டுல எழுதியிருக்கற உச்சத்துக்குள்ள 40 பிஎஸ்ஐக்கு மேல.

ஸ்லிக் மாட்டின அன்னிக்கே டயர்லயும் ரிம்லயும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்க. ஓட்டம் முடிஞ்சு வந்ததும் கோடு ரெண்டா விலகி நின்னா டயர் ரிம்மில வழுக்குது. அப்ப ரிம் ஸ்க்ரூ போடற நேரம் வந்துடுச்சு.


சத்ரியா_பிரியன் எழுதியது:

சத்ரியாவுக்கு யாரும் வாய் திறக்கல, நான் பேசறேன். 156 கிலோவா 148 கிலோவான்னு கணக்குப் பார்த்தீங்களே, 8 கிலோ வித்தியாசத்துக்கு அழ வேண்டியதில்ல. சத்ரியா மிட்சுபிஷி மிராஜ் உடம்பு. நம்ம ஊர்ல கதவு, ஃபெண்டர், பம்பர் எல்லாம் மூலைக்கு மூலை கிடைக்கும், 1994-லிருந்து ஓடுது. டர்போ நோக்கம் இருந்தா மிட்சுபிஷியோட 4ஜி93டி (1.8 டர்போ இன்ஜின்) நேரா உட்காரும், ஜப்பான்ல அது 195 குதிரைல தொடங்கின இன்ஜின். சாதா பி18சிக்கு அந்த எண் வர கேம் வாங்கணும்.

குறையும் சொல்லிடறேன். 4ஜி93டி ஜப்பான்ல நாலு சக்கர இழுவையோட வந்தது, ஹாஃப்கட்ல வர்ற கியர்பாக்ஸ் அப்படியே உதவாது. சத்ரியா ஜிடிஐ அல்லது புரோட்டான் புத்ராவோட 1.8 கியர்பாக்ஸ் தேடணும், அது பூஸ்டைக் கூட்டக் கூட்டக் கெஞ்சும். முன்னாடி ஸ்டிரட். ஈஜி மாதிரி டபுள் விஷ்போன் இல்ல, இறக்கினா கேம்பர் (சக்கரச் சாய்வு) சீர் பண்ண கேம்பர் பிளேட் வேணும். டிராக்‌ஷன் பார், ஸ்பெஷல் டிரைவ் ஷாஃப்ட், எல்எஸ்டி எல்லாம் ஹோண்டாவுக்கு அலமாரியில இருந்து எடுத்துத் தருவாங்க. மிட்சுவுக்கு லேத்துக்காரர் வீட்டு வாசல்ல நிக்கணும்.

டர்போ இல்லாம 12.5-ன்னா நானும் ஈஜிதான் சொல்வேன். டர்போதான் உறுதின்னா, கையில காசு கம்மின்னா, சத்ரியாவைத் திரும்பப் பாருங்க. பெரோடுவா கன்சில்ல (சின்ன காடி) 660 சிசி டர்போ போடறவங்களும் வருவாங்க. அது தனி உலகம், வீல்பேஸ் ஈஜியை விட ஒரு சாணுக்கு மேல குறைவு, கோட்டுக்குப் பக்கத்துல ஸ்டீயரிங்கை விடாம பிடிச்சுக்கணும்.


கிள்ளான்_காடி எழுதியது:

நன்றி அண்ணே, தலை தெளிஞ்சுடுச்சு. டர்போ ரெண்டு வருஷத்துக்கு இல்ல, அதனால வெளுத்த ஈஜி. சனிக்கிழமை போய்ப் பார்க்கறேன். மோதலை, துருவைக் கண்டுபிடிக்க என்னென்ன கொண்டு போகணும்? ரோல் பார் (காடி உருண்டா ஆளைக் காக்கற இரும்புக் குழாய்) இப்பவே போடணுமா?


அளவு_நூல் எழுதியது:

டார்ச், அளவு டேப், தூக்குக்குண்டு, சாக்பீஸ், ஒரு சின்ன காந்தம், பழைய டி-ஷர்ட் துணி. ஜாக்கும் நாலு ஸ்டாண்டும் அங்க இருக்கான்னு முன்கூட்டியே கேளுங்க.

காந்தத்தைத் துணியில சுத்தி பின்சக்கர வளைவு ஓரமா மெதுவா நகர்த்துங்க. இரும்பு இருக்கற இடத்துல துணியை இழுத்துப் பிடிக்கும். புட்டி இருக்கற இடத்துல விரலுக்கு அடியில சட்டுனு இளகும். ஈஜி முதல்ல துருப்பிடிக்கறது அந்த வளைவுதான், வெளிய கொப்புளம் வந்தா உள்ளே ரெண்டு தகடும் போயிருக்கும். அடுத்து ஸ்பேர் டயர் குழி. டெயில் லைட் ரப்பர் வழியா மழைத் தண்ணி இறங்கி அங்க தேங்கும். கார்ப்பெட்டைத் தூக்கி மூலையில விரலை வச்சுப் பாருங்க. அப்புறம் முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கற கவுல், இலை அடைச்சு நிக்கற இடம். பின் வளைவுல துரு இருந்தா வெட்டி ஒட்டலாம், டிராக் காடிக்கு அது பெரிய விஷயமில்ல. பின் டிரெய்லிங் ஆர்ம் மாட்டற இடத்துலயோ, ரோல் பார் தட்டு உட்கார வேண்டிய தரையிலயோ துருன்னா விட்டுடுங்க.

மோதல். காடியை சமதரையில ஸ்டாண்ட்ல ஏத்தி, முன் சப்ஃபிரேமோட நாலு போல்ட்டுல இருந்தும் தூக்குக்குண்டு விட்டு தரையில சாக்பீஸ் புள்ளி வைங்க. பின்னாடி டிரெய்லிங் ஆர்ம் மாட்டற ரெண்டு பக்கமும் அப்படியே. இப்ப முன் இடதுல இருந்து பின் வலது, முன் வலதுல இருந்து பின் இடது அளந்து பாருங்க. ரெண்டு குறுக்களவும் 3 மி.மீ.க்குள்ள ஒத்துப் போகணும். தாண்டினா ஜிக்ல (உடம்பை நேராக்கற சட்டம்) இழுக்க வேண்டிய ஷெல், அந்தச் செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க. சக்கர மையத்துல இருந்து மையம் அளந்து முடிவெடுக்காதீங்க, டிரெய்லிங் ஆர்ம் புஷ் தேஞ்சிருந்தாலே அது பொய் சொல்லும்.

ரேடியேட்டர் சட்டத்துல கம்பெனி ஸ்பாட் வெல்டு சின்ன வட்டப் பள்ளமா, ஒரே இடைவெளியில இருக்கும். பட்டறை வெல்டு மேடா, கிரைண்டர் கோட்டோட இருக்கும். முன் ரெண்டு பக்கத்துக் கேம்பரும் ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசப்பட்டா அப்பர் ஆர்ம் மாட்டற டவர் நகர்ந்திருக்கலாம்.

ரோல் பார். இங்க ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி விதி, நுழைவுப் படிவத்தோட வர்றதைப் படிங்க. அளவுக்கு அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்எச்ஆர்ஏ விதியைப் பார்த்துக்கலாம். 13.99-க்கு வேகமா ஓடினா ஹெல்மெட், நம்ம மாதிரி பழைய காடிக்கு 11.49-லயே ரோல் பார், 9.99-க்குப் போனா முழு கேஜ். 12.5-க்குக் கட்டாயம் இல்ல. ஆனா டர்போ மனசுல இருக்கறதால, உள்ளே உரிச்சு வச்சிருக்கற இப்பவே போடறதுதான் புத்தி. பெயிண்டும் கார்ப்பெட்டும் போட்ட பிறகு வெல்டு வைக்கறது நரகம். சாதா இரும்புக் குழாய்னா வெளிவிட்டம் 44.5 மி.மீ., தடிப்பு 3 மி.மீ. தரையில 150 மி.மீ. சதுரத் தகடு, 3.2 மி.மீ. தடிப்பு, மேலயும் கீழயும் ஒவ்வொன்னு, நடுவுல தரையைச் சாண்ட்விச் மாதிரி பிடிச்சு நாலு போல்ட். தகடு இல்லாம மெல்லிய தரையில நேரா குழாயை ஒட்டினா உருளும்போது குழாய் தரையைக் குத்திக்கிட்டு இறங்கும்.

ரோட்டுல ஓட்ட நினைக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. தீபகற்ப மலேசியாவுல தனியார் காருக்கு 1401-லிருந்து 1600 சிசி வரைக்கும் சாலை வரி 90 வெள்ளி (ரிங்கிட்), 1797 சிசி பி18சிக்கு 278.80 வெள்ளி. இன்ஜின் மாத்தினா கெரான்லயும் (வாகன உரிமைச் சான்று) மாறணும், வாகனப் பரிசோதனை மையத்துல பார்க்காம மாறாது.

கிள்ளான் தம்பிக்கு இன்னொன்னு, இதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஈஜி சேசிஸ் நம்பர் ஃபயர்வால்ல அடிச்சிருக்கும். பானெட்டைத் தூக்கி முதல்ல அதைப் பாருங்க, கெரானைப் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. நம்பரைச் சுத்தி சதுரமா கிரைண்டர் தடமோ, பெயிண்ட் நிறம் மாறியோ இருந்தா காந்தத்தைப் பையில இருந்து எடுக்கவே வேணாம், அப்படியே திரும்பி வந்துடுங்க.